தண்ணி செவப்பா வரும்

எங்க வூட்டுக் கடைக்குட்டி, என் பாப்பா பச்சியம்மாளுக்கு,

நான்தான், உன் அண்ணன் மாதையன் பேசுகிறேன். எழுதுவது மருமகள் செல்வி. எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியாததா? நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். சொன்னதை அப்படியே எழுத வேண்டும், எதையும் அழகு பண்ணக் கூடாது என்று முதலிலேயே சொல்லி உட்கார வைத்திருக்கிறேன். ஒரு வார்த்தையை ஒருத்தன் அழகு பண்ணினதில்தானே நீ போய்ச் சேர்ந்தாய்.

சேதி என்னவென்றால், குமரேசன் கிடைத்துவிட்டான்.

ஆமாம், அவனேதான். ஊசி டாக்டர் குமரேசன். சந்தை முக்கில் ஒற்றை ரூமில் பச்சைத் திரை போட்டு உட்கார்ந்திருப்பானே. கழுத்துக் குழாயைக் கழற்றாமலே டீக்கடைக்கு வருவானே. மருந்துக்கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தவன் ஒரு நாள் டாக்டர் ஆனானே, அவன். இப்போது தினமும் காலையில் என் முன்னால் வந்து, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறான். எப்படி என்று கேட்கிறாயா? சொல்கிறேன், பொறு. இதை வேறு ஆட்களும் படிப்பார்கள். அவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையும் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. கோவிச்சுக்காதே.

இருமுகிற பெண்டாட்டி வேண்டாம் என்று உன் புருசன் வூட்டில் உன்னைக் காரிமங்கலம் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வந்த கையோடு நீ புளி தட்டப் போனாய். இருமலுக்கு ஊரே புளித் தூசி மேல் பழி போட்டது. புளிக்காலம் முடிந்து தூசி அடங்கின பிறகும் நீ இருமினாய். கன்னம் ஒட்டிப் போனது. ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியது. அதற்கப்புறம்தான் நாம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சின்ன டப்பாவில் சளியைத் துப்பச் சொல்லி வாங்கிப் பார்த்து, டி.பி. என்றார்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்து அவர்கள் எதிரிலேயே மாத்திரை விழுங்க வேண்டும், ஆறு மாசம் விடாமல் விழுங்கினால் குணமாகிவிடும் என்றார்கள்.

சொன்னது சரவணன், ஆஸ்பத்திரியில் டி.பி. மாத்திரை கொடுக்கிற ஆள். அப்போது அவன் வேலைக்குப் புதிது. எல்லாம் நன்றாகத்தான் சொன்னான். கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு ஒன்று சொன்னான். "அப்பறம் இன்னொன்னுங்க. தண்ணி செவப்பா வரும். கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் வரும். பயந்துறாதீங்க."

பஸ்ஸில் நீ சிரித்தாய். "ஏண்ணா, நம்மூர்க் குழாய்த் தண்ணி செவப்பா வர்றது இவருக்கு எப்படித் தெரியும்?"

"கவர்மெண்டு ஆளு பாப்பா. குழாய் போட்டதும் கவர்மெண்டுதான். சொல்லியிருப்பாங்க."

ஊருக்குப் புதுக் குழாய் போட்ட சமயம் அது. திறந்தால் துருவும் செம்மண்ணும் கலந்து செக்கச்செவேல் என்று கொட்டும். தெருவில் பொம்பளைகள் எல்லோரும் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். "பரவாயில்லைண்ணா, குடிக்கற தண்ணி வரைக்கும் அக்கறையாச் சொல்லி அனுப்பறாரு" என்றாய் நீ. அன்றிலிருந்து எதற்கு வம்பு என்று குழாய்த் தண்ணியைத் தொடாமல், கிணற்றிலிருந்து உனக்கென்று தனிக் குடம் கொண்டுவந்து வைத்துக்கொண்டாய்.

கிணற்றுத் தண்ணி குடித்தும் செவப்பாக வந்தது. குழாயில் இல்லை.

அதை நீ யாரிடம் சொல்வாய்? வூட்டில் உன் அண்ணி இல்லை, அவள் உனக்கு முந்தியே போய்விட்டாள். அண்ணன்காரனிடம் எந்தத் தங்கச்சி அதைச் சொல்லுவாள்? நீ நேராகச் சந்தை முக்குக்குப் போனாய். அவன் உன் கண் இமையை இழுத்துப் பார்த்தானாம். பிறகு சொன்னானாம்: "கவர்மெண்டு மாத்திரை உன் ரத்தத்த உருக்கி வெளிய தள்ளுதும்மா. இன்னும் கொஞ்ச நாள் தின்னீன்னா கட்டதான். நிறுத்திடு." அதோடு மஞ்சளாக ஒரு ஊசியும் போட்டான்.

இந்த வார்த்தைகளை நான் மறக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து நீ எனக்குச் சொன்ன மாதிரியே, எந்த இடத்தில் இருமினாயோ அந்த இடம் வரைக்கும் எனக்கு மனப்பாடம். படித்தவர்கள் எழுதி வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். எனக்கு மறக்க வழியே இல்லை.

மாத்திரைக்கு என்று சொல்லிவிட்டு வூட்டைவிட்டுக் கிளம்புவாய், போவதோ ஊசிக்கு. செவப்பு நின்றுபோனது. அவன் சொன்னது சரிதான் என்று நம்பிவிட்டாய். நானும் உன் முகம் தெளிந்திருக்கிறதே என்று சந்தோசப்பட்டேன். சரவணன் வண்டியில் வந்து, "ஏன் பெரியவரே, உங்க தங்கச்சி மாத்திரைக்கு வர்றதே இல்லையே" என்று கேட்டபோது, நீ பாயை விட்டு எழ முடியாமல் கிடந்தாய்.

பெரியாஸ்பத்திரியில் உன்னைத் தனி வார்டில் போட்டார்கள். சன்னல் எல்லாம் திறந்தே இருக்கும். அங்கேதான் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய், "ரத்தமாப் போச்சுண்ணா. அதான் நிறுத்திட்டேன்." பக்கத்துக் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்சம்மா அப்படியே திரும்பினார்கள்.

"அடக் கடவுளே. அது ரத்தம் இல்லம்மா. மாத்திரையோட சாயம். மூத்திரத்துல எறங்கும். எல்லாருக்கும் அப்படித்தான் போகும். யாரும் சொல்லலையா உனக்கு?"

இந்த இடத்தில் செல்வி 'சிறுநீர்' என்று எழுதப் பார்த்தாள். அடிச்சிட்டு எழுது என்றேன். மூத்திரம். நன்றாகப் பெரிசாக எழுதும்மா.

நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். "அப்ப அவரு தண்ணின்னு சொன்னது..." என்றாய். முழுசாகச் சொல்லவில்லை. லேசாகச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு இருமலாக மாறி வெகு நேரம் நிற்கவில்லை. பாப்பா, நீ போனதைக்கூட நான் சில நாள் மறந்திருப்பேன். அந்தச் சிரிப்பை ஒரு நாளும் மறந்ததில்லை. உனக்கு அவன் மேல் கோபமே வரவில்லையா? எப்படி வராமல் போனது? உன் பங்குக் கோபத்தையும் சேர்த்து நானேதானே சுமக்க வேண்டியதாகிவிட்டது.

காரியம் முடிந்த கையோடு நீ புளி தட்டின கட்டையை எடுத்துக்கொண்டு சந்தை முக்குக்குப் போனேன். அங்கே திரைக்கு வெளியே ஒரே கூட்டம். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி, "பெரியவரே, வரிசையில நில்லுங்க. நாங்க எல்லாம் என்னா மனுசங்க இல்லையா?" என்றாள். கொலை பண்ணப் போனவன் வரிசையில் நின்றேன், தெரியுமா! என் முறை வந்து திரையை விலக்கினால், நாற்காலி காலி. யாருக்கோ வூட்டில் போய் ஊசி போடக் கிளம்பிவிட்டானாம், வந்துவிடுவானாம். ஆத்திரத்தில் மருந்து அலமாரியை அடித்து நொறுக்கினேன். அவ்வளவுதான், வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சேர்ந்து என்னை மொத்தினார்கள். இருமுகிறவன், காய்ச்சல்காரன், எல்லோரும்தான். சீக்காளிகளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பலம் வந்ததோ.

பிறகு மனு கொடுத்து, அதிகாரிகள் வந்து கதவுக்குச் சீல் வைத்தார்கள். அதற்கு முந்தியே அவன் பறந்துவிட்டான். "ஊருக்குன்னு இருந்த ஒரு டாக்டரையும் வெரட்டிட்டியே, நீ வெளங்குவியா?" என்று நம் சாதிசனமே என்னைக் கரித்துக்கொட்டியது. ஏரியூர்ப் பக்கம் புதுசாகப் பலகை மாட்டியிருக்கிறான் என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கேயும் இல்லை.

சரவணனையும் நான் சும்மா விடவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லோரும் இருக்கும்போது போய்க் கேட்டேன்.

"ஏனுங்க சார், தண்ணின்னா என்னாங்க?"

"எந்தத் தண்ணிங்க?"

"அதத்தான் நானும் கேக்கறேன். நீங்க அன்னிக்குச் சொன்ன தண்ணி எந்தத் தண்ணிங்க?"

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. குழாய்க் கதையைச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. "பொம்பளைங்க முன்னாடி அந்த வார்த்தையச் சொன்னா மரியாதையா இருக்காதேன்னுங்க..." என்றான்.

"மரியாதையாப் பேசித்தான் எங்க பாப்பாவ அனுப்பி வச்சீங்க."

அவன் கண்ணில் தண்ணி வந்தது. அது என்ன தண்ணி என்று எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஆனாலும் நான் இறங்கி வரவில்லை. இனிமேல் எந்த டி.பி.காரனுக்கும் நீ மூத்திரம் என்று சொல்ல வேண்டும், எனக்குக் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும் என்றேன். சொல்கிறானா என்று பார்க்க நாள் தவறாமல் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தேன். அவன் மெதுவாகச் சொன்னால், மரத்தடியிலிருந்து நான் கத்துவேன்: "மூத்திரம் செவப்பாப் போவும்! ரத்தம் இல்ல, சாயம்! நிறுத்தக் கூடாது!" வாட்ச்மேன் என்னைத் துரத்தினான். மறுநாளும் போனேன். பிள்ளைகள் 'மூத்திரக் கெழவன்' என்று எனக்குப் பேரே வைத்துவிட்டார்கள். நான் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்க்கிறேன், எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

கடைசியில் சரவணனே ஒரு நாள் வந்து, "அங்க கத்தறதுக்கு உங்க ஊரு ஆளுங்களுக்கு நீங்களே மாத்திரை குடுத்துருங்க. வூட்டுக்குப் பக்கத்துல வாங்கிக்கிட்டா அவங்களுக்கும் அலைச்சல் மிச்சம்" என்றான். இப்போதெல்லாம் தினமும் மாத்திரை. ஆளுக்கொரு மாத்திரைப் பெட்டி என்னிடம் இருக்கும். எனக்கு வைத்தியம் ஒன்றும் தெரியாது. அவன் பிரித்து வைத்த அட்டையைக் கொடுப்பேன், விழுங்குகிறார்களா என்று பார்ப்பேன், நாக்குக்கு அடியில் ஒளிக்கிறார்களா என்று பார்ப்பேன். அப்புறம் அந்த வார்த்தையைக் கத்திச் சொல்வேன். அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போதுதான், இந்த வருசம் புளி விழுகிற சமயத்தில், சரவணன் ஒரு புதுப் பெட்டி கொண்டுவந்து வைத்தான். "உங்க தெருவுல ஒருத்தரு மக வூட்டுக்கு வந்து தங்கியிருக்காரு பெரியவரே. தனக்குத் தானே ஊசி போட்டுக்கிட்டு ரொம்ப நாள் இழுத்தடிச்சிருக்காரு. பேரு குமரேசன். உங்களுக்கு ஆளு தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

"அந்தச் செவப்பு விசயத்த நீங்களே சொல்லிருங்க. உங்க வாயால கேட்டாத்தான் யாருக்கும் மனசுல நிக்குது" என்று சொல்லிவிட்டு அவன் கிளம்பிவிட்டான்.

மறுநாள் காலையில், மூஞ்சியில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றான் பாரு, பாப்பா. ஆளே பாதியாகிவிட்டான். உன் தோள் எப்படி இருந்ததோ அப்படி இருந்தது அவன் தோள். என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"வாங்க டாக்டரே" என்றேன்.

திடுக்கென்று சுற்றிலும் பார்த்தான். "பெரியவரே, ஊருக்குத் தெரிய வேணாங்க."

"எது? நீங்க டாக்டருங்கறதா, டி.பி.ங்கறதா?"

மாத்திரையைக் கொடுத்தேன். விழுங்கினான். "வாயத் தொறங்க. நாக்கத் தூக்குங்க." தூக்கினான். எல்லோருக்கும் கத்துகிற அந்த வார்த்தையை அவனுக்கு மட்டும் நான் சொல்லவில்லை. இவனுக்குத் தெரியாததா, தெரிந்துகொண்டுதானே உன்னிடம் பொய் சொன்னான், உன்னைத் தன் கடைக்கு இழுக்கத்தானே சொன்னான் என்று நினைத்தேன். இத்தனை வருசமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் விடிந்தும் விடியாமல் வந்துவிட்டான். துண்டு இல்லை. கிட்டே வந்து ரகசியமாகக் கேட்டான்.

"பெரியவரே... தண்ணி செவப்பாப் போவுதுங்க. ரத்தங்களா அது?"

பாப்பா, எனக்குத் தலையில் இடி இறங்கின மாதிரி இருந்தது. அவனுக்குத் தெரியாது! அந்த முண்டத்துக்கு நிஜமாகவே தெரியாது! சந்தை முக்கில் உட்கார்ந்து உன் கண் இமையை இழுத்துப் பார்த்தபோதும் அவனுக்குத் தெரியாது. உன்னைப் போல எத்தனை பேருக்கு 'நிறுத்திடு' என்று சொல்லியிருப்பான், ஒருத்தருக்குக்கூட உண்மை தெரிந்துகொண்டு சொல்லவில்லை. வேண்டுமென்றே பொய் சொல்லி உன்னைக் கொன்றிருந்தால் உனக்கு ஒரு எதிரி இருந்தான் என்றாவது ஆகியிருக்கும். ஒன்றும் தெரியாத ஒருத்தன், தெரிந்த மாதிரி வாயைத் திறந்ததில் நீ போய்விட்டாய். இதற்காகவா நான் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தேன்?

அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'ரத்தந்தான். நிறுத்திடு.' அவன் உனக்குச் சொன்ன அதே வார்த்தை. அந்த நிமிசமே நிறுத்தியிருப்பான். யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த வார்த்தை என் நாக்கு நுனியில் வந்து நின்றது, பாப்பா. பொய் சொல்ல மாட்டேன். நன்றாகவே இனித்தது.

உட்காரு என்றேன். உட்கார்ந்தான்.

"பச்சியம்மான்னு ஒருத்தி. புளி தட்டறவ. ஒல்லியா, இருமிக்கிட்டு வருவா. உன் கடைக்கு வந்தா. ஞாபகம் இருக்குதா?"

"எத்தனையோ பேரு வந்தாங்க பெரியவரே..."

"அவளும் இதத்தான் கேட்டா. நீ என்னா சொன்ன தெரியுமா?" என்று அவன் சொன்னதை அப்படியே சொன்னேன். கவர்மெண்டு மாத்திரை, உருக்கி வெளியே தள்ளுது, கட்டதான், நிறுத்திடு. அவன் குரல் மாதிரியே சொன்னேன். கேட்கக் கேட்க அவன் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனது. தன்னுடைய வார்த்தைதான் என்று அடையாளம் தெரிந்துவிட்டது.

"ஐயா சாமி, உங்க கால்ல வேணா விழறேன். அந்தப் பொண்ணு..."

"எந்தங்கச்சி."

"சொல்லுங்க சாமி. ரத்தமா, இல்லையா?"

அவன் கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கட்டும் என்று விட்டேன். நீ சந்தை முக்கில் பயந்து நின்றாயே, அந்தப் பயம் என்னவென்று அவனுக்குத் தெரிய வேண்டாமா? தெருவில் ஆள் நடமாட்டம் வந்த பிறகு, நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்: "மூத்திரம்டா! மூத்திரம் செவப்பாப் போவும்! அது ரத்தம் இல்ல, சாயம்! நிறுத்துன, தோல உரிச்சிடுவேன்!"

அதுதான் நான் அவனுக்குச் செய்த உபகாரம். மன்னிப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஊரில் சிலர் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள், மாதையன் பெரிய மனசுக்காரன் என்று. எனக்குப் பெரிய மனசும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவன் செத்தால் ஒரு நாளில் தீர்ந்துவிடும். நான் அவ்வளவு சீக்கிரம் தீர விடுவேனா?

அவன் தினமும் வர வேண்டும். மாத்திரையைக் கையில் வாங்கி, வாயில் போடும் முன்னால், பச்சியம்மா என்று உன் பேரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் தண்ணிச் சொம்பு அவன் கைக்குப் போகும். முதல் நாள் முணுமுணுத்தான். "கேக்கல டாக்டரே" என்றேன். வயிற்றைப் புரட்டுகிறது, வாந்தி வருகிறது என்று ஒரு நாள் வராமல் இருந்துவிட்டான். அவன் மகள் வூட்டு வாசலில் போய் நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி அந்த வார்த்தையைக் கத்தினேன். மகள்காரி வெளியே வந்து, "மானத்த வாங்காதீங்க தாத்தா, இதோ அனுப்பறேன்" என்றாள். வந்தான். சரவணனிடம் சொல்லி வாந்திக்கும் மாத்திரை வாங்கி வைத்துவிட்டேன். இனிமேல் அந்தச் சாக்கும் கிடையாது.

இப்போது அவன் தோளில் சதை பிடிக்கிறது. இருமல் குறைந்துவிட்டது. பார்க்கப் பார்க்க எனக்கு எரிகிறது. உனக்கு வர வேண்டிய சதை அது. நீ பாதியில் விட்ட மாத்திரை எல்லாம் அவன் உடம்பில் போய்ச் சேருகிற மாதிரி இருக்கிறது. என்ன செய்ய? எரிந்துகொண்டேதான் பெட்டியைத் திறக்கிறேன்.

நேற்று ஒன்று நடந்தது. அவன் வந்தான். நான் கேட்பதற்கு முந்தியே, கையை நீட்டிக்கொண்டு, "பச்சியம்மா" என்றான். தணிந்த குரலில், சாமி பேரைச் சொல்கிற மாதிரி சொன்னான். அவன் கண் கலங்கியிருந்தது.

எனக்குப் பிடிக்கவில்லை, பாப்பா. அவனாகச் சொல்ல ஆரம்பித்தால் அவனுக்கு அது லேசாகிவிடும். உன் பேரைச் சொல்லி அவன் ஆறுதல் தேடிக்கொள்வதற்கா நான் உன்னைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனேன்? சொம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"நான் கேட்டனா?" என்றேன்.

"இல்லீங்க."

"அப்பறம் என்னா? நான் கேட்டாத்தான் சொல்லணும்." கொஞ்ச நேரம் நிற்க வைத்துவிட்டுக் கேட்டேன். மறுபடி சொன்னான். அப்புறம்தான் தண்ணி கொடுத்தேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், கேட்டுக்கொள். கடைசி மாத்திரையை அவன் விழுங்குகிற வரைக்கும் நான் சாக மாட்டேன், அவனையும் சாக விட மாட்டேன். சளியில் கிருமி இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அடுத்த சந்தையன்று, அவன் பச்சைத் திரை தொங்கின அதே முக்கில் அவனை நிறுத்துவேன். அன்று என்னை வரிசையில் நிறுத்தி மொத்தினார்களே, அந்தச் சனம் பார்க்க, 'மூத்திரம் செவப்பாப் போவும், அது ரத்தம் இல்ல, அன்னிக்கு எனக்குத் தெரியல' என்று அவன் வாயாலேயே கத்த வேண்டும். சந்தைக் கூச்சல் அடங்குகிற மட்டும் கத்த வேண்டும். கேட்கவில்லை டாக்டரே, கேட்கவில்லை டாக்டரே என்று எதிரில் நின்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அன்று நீ எங்கே இருந்தாலும் உனக்குக் கேட்கும்.

கேட்டதும் நீ சிரிக்க மாட்டாயே? சிரிக்காதே, பாப்பா. இந்த ஒரு தடவையாவது கோபப்படு.

உனக்காக இன்னும் கோபம் ஆறாத,
உன் கூடப்பிறந்த அண்ணன்,
மூத்திரக் கெழவன் மாதையன்.